பேசாத கசட்

ஆனி 9, ஞாயிறு

கச்சான் காற்று தொடங்கிவிட்டது, மேற்கிலிருந்து அனல்தான். காலை பத்து மணிக்கே முற்றத்து மணலில் கால் வைக்க முடியவில்லை. வாய் காய்கிறது, துவைத்த துணியும் காய்கிறது, இரண்டாவதில் மட்டும் சந்தோஷம்.

இன்று செய்தவை: தலை முழுகியது. விறாந்தை கூட்டி, பக்கத்து வீட்டில் கதிரை இரவல் வாங்கியது. வாய்ப்பன் சுட்டது (அம்மா சுட்டா, நான் எண்ணெய்க்குத் தள்ளி நின்று யோசனை சொன்னேன்). கசட் ரேடியோவுக்குப் புது பற்றரி. கரண்ட்டை நம்பி இருந்தால் மானம் போகும்.

இந்த அமர்க்களம் எல்லாம் கனடாவிலிருந்து வந்த ஒரு கசட்டுக்கு. அனுப்பியவர் நேசன். இனி நே. என்றே எழுதுகிறேன், முழுப்பெயரை எழுதக் கை கூசுகிறது. களுவாஞ்சிக்குடி ஆள், படிக்கிற வயதில் போனவர். மாமா பேசிக்கொண்டு வந்த சம்பந்தம். ரெலிபோனில் இரண்டு தரம் கதைத்திருக்கிறோம். முதல் தரமே கேட்டார், கோபம் வந்தால் நீங்கள் கதைக்கிற ஆளா, கதைக்காமல் இருக்கிற ஆளா என்று. சமைக்கத் தெரியுமா என்று கேட்பார் என நினைத்து அதற்கு விடை பாடமாக்கி வைத்திருந்தேன். கதைப்பேன், நிறையக் கதைப்பேன் என்றேன். நல்லது என்றார். அன்றைக்கே எனக்கு இந்த மனிசன் வேண்டும் என்று ஆகிவிட்டது. இதை இந்தக் கொப்பியைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை.

கசட் கொண்டு வந்தது அவர்களுடைய சொந்தக்கார அக்கா ஒருத்தி. சண்டை நின்றபிறகு வெளிநாட்டு ஆட்கள் இப்படி வந்து போகிறார்கள். கசட் மட்டையில் என் பெயர், கீழே ஆங்கிலத்தில் ‘பொப்-பங்க்’ என்று ஒரு சொல். அது அவர் வேலை செய்கிற இடமாக இருக்கும் என்றா அம்மா.

வெளிநாட்டுக் கசட் என்றால் எங்கள் பக்கத்தில் பேச்சுத்தான். எழுத வாசிக்கத் தெரியாத தாய்மாருக்காகத் தொடங்கிய பழக்கம். மகன் ஒரு பக்கம் முழுக்கச் சுகம் கேட்பான், இருமுவான், அழுவான், பின்னால் யாரோ சட்டி கழுவுவது கேட்கும். இங்கே சொந்தம் எல்லாம் கூடியிருந்து கேட்டுப் பதிலுக்குப் பேசி அனுப்பும். ஆகவே பின்னேரம் நாலு மணிக்கு மாமா, மாமி, அம்மா, தங்கச்சி சுபா, கதிரை தந்த பக்கத்து வீட்டு அக்கா, எல்லாரும் ரேடியோவைச் சுற்றி. மாமா கோயில் வண்ணக்கர். திருவிழாவில் யார் எங்கே நிற்பது, எது எப்போது நடப்பது எல்லாம் அவர் கையில். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், அப்பா இல்லாத வீடு. சால்வையைச் சரிசெய்துகொண்டு, போடு என்றார். சுபா அமத்தினாள்.

கடவுளே.

கிற்றார் என்றால் ஒன்றல்ல, நாலைந்து. அதற்குமேல் ட்றம்ஸ், யாரோ துரத்துகிற மாதிரி. அதற்குமேல் ஒரு பொடியன் மூக்கால் கத்துகிறான். பக்கத்து வீட்டு அக்கா வாய்ப்பனைக் கீழே போட்டுவிட்டா. சுபா நிற்பாட்டப் போனாள். மாமா கையைத் தூக்கினார்.

“இரி. முதல்ல ஒரு பாட்டுப் போட்டுத்தான் பேசுவாங்க.”

ஒரு பாட்டு முடிந்தது. எல்லாரும் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் சரிந்தோம். அடுத்த பாட்டு. அதுவும் முடிந்தது. அதற்கடுத்தது. ஓட்டிப் பார்ப்போம் என்றாள் சுபா. ஓட்டினால் பேச்சுத் தப்பிப்போகும் என்றார் மாமா. அதில் நியாயம் இருந்தது. ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் ஆறு பேரும் முன்னால் சரிவதும், கிற்றார் இடித்ததும் பின்னால் சாய்வதுமாக ஒரு பக்கம் முடிந்தது. பின்பக்கத்தில் பேசியிருப்பார் என்று மாமாவே கசட்டைத் திருப்பிப் போட்டார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காது சூடாகிக் கழுத்து வரைக்கும் வந்துவிட்டது.

பின்பக்கமும் முடிந்தது. டக் என்று ரேடியோ தானாக நின்றது. ஒருவரும் பேசவில்லை. நே. உட்பட.

கடைசியில் அம்மாதான், தேத்தண்ணி ஊற்றட்டா என்று கேட்டா.

ஆனி 10, திங்கள்

பஸ் பிந்தி. கல்லாற்றுப் பாலத்தடியில் இப்போது சோதனைக்கு யாரையும் இறக்குவதில்லை. முன்பு இறங்கி, வரிசையாக நடந்து, அடையாள அட்டை காட்டி, அந்தப் பக்கம் ஏற வேண்டும். இன்றைக்கும் பழக்கத்தில் பாதிச் சனம் கைப்பையைத் திறந்து அட்டையைத் தொட்டுப் பார்த்தது. நானுந்தான்.

கந்தோரில் பக்கத்து மேசை ஜெஸீமாவிடம் சொன்னேன். மருதமுனைக்காரி. சிரித்துச் சிரித்து முக்காடு நழுவிவிட்டது. ரெண்டு பக்கமுமா, மாமியுமா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவளுடைய தம்பி கட்டாரில் வேலை, இந்தச் சாதிப் பாட்டுத்தான் அவனும் கேட்கிறானாம். பெயர் பொப்-பங்க். இடத்தின் பெயர் அல்ல, இசையின் பெயர். (அம்மாவுக்குச் சொல்ல வேண்டும்.)

தம்பி சொன்னதை அவள் சொன்னாள். அவனுடைய அறையில் இதுக்காகவே சண்டையாம். பங்க் என்பது அரசாங்கத்தையும் பெரிய ஆட்களையும் ஏசுகிற முரட்டுப் பாட்டு, அதைக் கேட்கிற ஒருவன் இருக்கிறான். அவனுக்கு இது கடையில் விற்கச் சீனி போட்ட போலிச் சரக்கு. மெல்லிசை கேட்கிற இன்னொருவன் இருக்கிறான். அவனுக்கு இது வெறும் இரைச்சல். ஒருவன் சீனி கூடிவிட்டது என்கிறான், மற்றவன் உறைப்புக் கூடிவிட்டது என்கிறான். தம்பி மட்டும் நடுவில் இருந்து ரசிக்கிறானாம்.

“அச்சாறு மாதிரிதான்கா,” என்றாள் ஜெஸீமா. “மாங்காயும் வேணும், சீனியும் வேணும், கொச்சிக்காயும் வேணும் எண்டு இரிக்கிறவன்தான் திம்பான். ஒண்ட மட்டும் தேடுறவன் துப்பிருவான்.”

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேரும் வாசலில் அச்சாறு வாங்கித் தின்றோம். நாக்கு எரிந்தது. நான் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. நேற்றைய கசட்டில் எனக்குச் சீனியும் பிடிக்கவில்லை, உறைப்பும் பிடிக்கவில்லை. அனுப்பிய ஆளை மட்டும் பிடித்திருக்கிறது. இது எந்தக் கணக்கில் சேரும்?

ஆனி 11, செவ்வாய்

காற்று. கிணற்றில் தண்ணீர் இறங்குகிறது. மண்ணெண்ணெய் வாங்க மறந்துவிட்டேன்.

வீடு இரண்டாகிவிட்டது. கொம்புமுறி விளையாட்டில் ஊர் வடசேரி, தென்சேரி என்று பிரிந்து கொம்பை இழுத்துக்கொண்டு ஒருவரையொருவர் வசைபாடுமே, அப்படி. அதில் யார் எந்தச் சேரி என்பது பிறக்கும்போதே முடிந்த விஷயம். பிறகுதான் மற்றப் பக்கத்தை ஏசக் காரணம் தேடுவது. பாட்டிலும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். முதல் பாட்டு முடிய முதலே எல்லாரும் பக்கம் எடுத்தாயிற்று, இப்போது காரணம் வருகிறது.

சுபாவின் காரணங்கள்: சட்டென்று தொடங்குகிறது. அலுக்க முதல் முடிகிறது. இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் நடுவில் வருகிற ஓ ஓ ஓ என்பதைக் கூடப் பாடலாம். சோகப் பாட்டுக்கும் ஆடலாம்.

அம்மாவின் காரணங்கள்: தடிமன் பிடித்த குரல். பாடுகிற பிள்ளைகளை யாரும் வளர்க்கவில்லை. (அதிலே ஒரு பரிதாபமும் இருந்தது, சாப்பிட்டானோ என்னமோ என்றா.)

மாமாவின் காரணம்: எல்லாப் பாட்டும் ஒரே பாட்டு. மூன்று படிக்கட்டில் ஏறுகிறான், இறங்குகிறான், அதே மூன்றில் மறுபடி ஏறுகிறான். மாமா அம்மன் சடங்கில் குளிர்த்திப் பாட்டுப் பாடுகிறவர். அதுவும் ஒரே மெட்டில் விடியுமட்டும் போகும். அதை நான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அது அம்மனுக்கு, இது ஆருக்கு என்று கேட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

அவர் இசைக்காகக் கோபப்படவில்லை என்பது எனக்குத் தெரியும். கூடியிருந்தவர்களுக்கு முன்னால் ஒரு சொல் பேசாமல் விட்டது அவருக்கு அவமரியாதை. வண்ணக்கரை உட்காரவைத்துவிட்டுப் பூசை நடத்தாமல் போன மாதிரி.

ஆனி 13, வியாழன்

மாமா தன்னுடைய வழியில் விசாரணை தொடங்கிவிட்டார். கசட்டை எடுத்துக்கொண்டு நேராக இங்கிலீஷ் படிப்பிக்கிற றீச்சர் வீட்டுக்கு. றீச்சரும் பாவம், பின்னேரம் முழுக்க ரேடியோவில் காதை வைத்து, நிற்பாட்டி நிற்பாட்டி, விளங்கிய அளவில் மூன்று பாட்டுக்குப் பொருள் சொல்லியிருக்கிறா. மாமா அதை எங்கள் வீட்டு விறாந்தையில் வைத்துத் தீர்ப்பு மாதிரி வாசித்தார்.

ஒன்று: ஒருத்தி விட்டுவிட்டுப் போய்விட்டாள். அவன் அவளுடைய வீட்டு றோட்டில் நின்று கத்துகிறான்.

இரண்டு: எனக்கு வயது போகிறது, ஆனால் நான் பெரிய ஆளாக மாட்டேன், அம்மா இனி ஒன்றும் கேட்காதே.

மூன்று: இந்த ஊரில் ஒன்றும் நடப்பதில்லை. நேற்றும் நடக்கவில்லை, இன்றும் நடக்கவில்லை. நான் செத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலாவதைக் கேட்டு அம்மாவின் முகம் விழுந்தது. இரண்டாவதைக் கேட்டு மாமா, முப்பது வயது தாண்டின மனிசனுக்கு இது தேவையா என்றார். எனக்கு அந்த இரண்டும் ஏறவில்லை. மூன்றாவதில்தான் இரத்தம் கொதித்தது.

ஒன்றும் நடப்பதில்லையாம். அதுக்கு அழுகிறானாம், நாலு கிற்றார் வைத்து. அப்பா ஒரு நாள் காலையில் சந்தைக்கு என்று வெளிக்கிட்டார், பையில் வாழைப்பூ வாங்கி வர வேண்டும் என்று அம்மா சொன்னது ஞாபகம். அன்றைக்கு ஊரில் நிறைய நடந்தது. அப்பா வரவில்லை. அதற்குப் பிறகும் நிறைய நடந்தது. சுற்றிவளைப்பு, செல்லடி, ஓட்டம், கோயிலுக்குள் படுக்கை, திரும்பி வந்து பார்த்தால் கூரை இல்லை. ஒன்றும் நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமைக்காக அம்மா எத்தனை நேர்த்தி வைத்திருப்பா. அந்தப் பொடியன் இங்கே இருந்தால் இரண்டு அறை விட்டிருப்பேன்.

அதைவிடக் கோபம் நே.மீது. அவரும் இந்தப் பக்கத்து ஆள். அவருக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டு இதை எப்படிக் கேட்கிறார்? அதுவும் எனக்கு அனுப்புகிறார்?

சாப்பிடப் பிடிக்கவில்லை. சுபா பக்கத்தில் வந்து இருந்தாள். அந்தப் பாட்டுத்தான் எல்லாத்திலும் நல்ல மெட்டு என்றாள் மெதுவாக. எழும்பிப் போ என்றேன். போகவில்லை.

ஆனி 14, வெள்ளி

மாமா முடிவெடுத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லப் போகிறார்.

கோயிலால் வந்து, நீறு பூசின நெற்றியோடு, மிக அன்பாகச் சொன்னார். அதுதான் தாங்க ஏலாமல் இருந்தது. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

“அவருக்கு அங்க ஒரு பிள்ளையோட பழக்கம் இரிந்திருக்கு. அது விட்டுட்டுப் போயிட்டு. நம்மளுக்கு முகத்துக்கு நேர சொல்ல ஏலாம பாட்டில சொல்லி அனுப்பியிருக்காரு. நல்ல மனிசன்தான், ஏமாத்தல்ல. ஆனா வேணாம் புள்ள.”

இதைக் கேட்டு வெளியூர் ஆட்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பக்கத்தில் சொல்ல முடியாததைக் கவியில் சொல்லி அனுப்புவதுதான் வழக்கம். வயல்வட்டையில் காவல் இருக்கிறவன் படிப்பான், அந்தப் பக்கம் நாற்று நடுகிறவள் எதிர்க் கவி படிப்பாள், அதோடு சம்பந்தம் முடிந்துவிடும், அல்லது முறிந்துவிடும். பேச்சு இல்லாமல் பாட்டு மட்டும் வந்தால் அதற்கு ஒரு கருத்து இருக்க வேண்டும் என்றுதான் மாமா நினைப்பார். மாமா என்ன, நானே நேற்று இரவு முழுக்க ஒருத்தி இருந்தாளோ, எப்படி இருப்பாளோ, சப்பாத்துப் போட்டவளோ என்று யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். எழும்பி அதை எழுத வெட்கமாக இருந்தது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா சொல்லாவிட்டால் மாமா சொன்னதுதான். தாய்மாமன் வேண்டாம் என்றால் எங்கள் குடியில் அதற்குமேல் பேச்சில்லை.

நான் பேசினேன். அந்தக் கசட் எங்கள் எல்லாருக்கும் வந்தது என்று யார் சொன்னது, மட்டையில் என் பெயர்தான் இருந்தது, நாம்தான் கதிரை போட்டு உட்கார்ந்தோம் என்றேன். எனக்கும் அந்தப் பாட்டுப் பிடிக்கவில்லை, ஆனால் பாட்டுக்காக ஆளை விட முடியாது என்றேன். பிறகு சொன்னது ஞாபகமாக இருக்கிறது:

“மாமா, அவரிட்டக் கேளுங்க. கேக்காம முடிச்சிராதீங்க.”

மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் முன்னால் நின்று கதைத்து அவர் பார்த்ததில்லை. ஞாயிறு நே. ரெலிபோன் எடுக்கும்போது கொமினிகேஷனுக்குத் தானும் வருகிறேன் என்றார். தானே கேட்பாராம். பொருத்தமில்லாத பதில் வந்தால் அந்த இடத்திலேயே முடித்துவிடுவாராம்.

சரி என்றேன். வேறு என்ன சொல்ல.

ஆனி 15, சனி

மண்ணெண்ணெய் வாங்கினேன். சுபாவின் பள்ளிச் சட்டைக்குப் பொத்தான். தலையிடி, இரண்டு பனடோல்.

கேட்க வேண்டியவை (மனதில்):
ஏன் பேசி அனுப்பவில்லை.
அந்த ஊர்ப் பாட்டு ஏன்.
ஒருத்தி இருந்தாளா. (மாமா கேட்பார். நான் கேட்கத் தேவையில்லை. கேட்டாலும் நல்லது.)
பிடித்ததா என்று கேட்டால் என்ன சொல்வது.

கடைசிதான் பிரச்சினை. நல்லா இருந்தது என்று சொல்லிவிட்டால் எல்லாம் சுகமாகப் போகும். ஜெஸீமா அப்படித்தான் செய்யச் சொன்னாள், அவள் கணவனின் தாய் வைக்கிற குழம்பை ஒவ்வொரு வெள்ளியும் புகழ்கிறாளாம். ஆனால் ஒரு தரம் பிடிக்கும் என்று சொன்னால் பிறகு காலம் முழுக்க அந்தச் சத்தம் என் காதில். பிடிக்கவில்லை என்று சொன்னால் அவர் மனம் நோகும். ஏற்கனவே மாமா ஒரு பக்கம் கொம்பை இழுக்கிறார்.

பின்னேரம் சுபா கசட்டைப் போட்டாள், சத்தம் குறைத்து. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. கவனித்துக் கேட்டேன், நேர்மையாகக் கேட்க வேண்டும் என்று. மெட்டு நன்றாகத்தான் இருக்கிறது. அது பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்த ஊர்ப் பாட்டு வந்ததும் பல்லைக் கடித்தேன்.

ஆனி 16, ஞாயிறு

முடிந்தது. நன்றாக முடிந்தது. அம்மனே.

பசிக்கிறது, மூன்று நாளைக்குப் பிறகு உண்மையாகப் பசிக்கிறது. அம்மா மீன் பொரிக்கிறா. மிச்சம் நாளைக்கு.

ஆனி 17, திங்கள்

கந்தோரில் வேலை குறைவு. ஜெஸீமாவுக்கு முழுக்கச் சொல்லியாயிற்று, இப்போது இங்கே.

கொமினிகேஷன் கடையில் ரெலிபோன் இருக்கிற கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஆள்தான் நிற்கலாம். மாமா, அம்மா, நான், மூன்று பேர் புகுந்தோம். சுபா வெளியே கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு. உள்ளே விசிறி இல்லை. மாமாவின் சந்தன மணமும் வியர்வையுமாக மூச்சு முட்டியது. மணி அடித்தது. மாமா எடுத்தார். சுகம் கேட்கவில்லை, வெயில் கேட்கவில்லை.

“தம்பி, கோவிக்காதீங்க. அந்தப் பிள்ள ஆரு?”

அந்தப் பக்கத்தில் என்ன சொன்னார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. எந்தப் பிள்ளை என்று கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் மாமா முதலிலிருந்து விளக்கத் தொடங்கினார். கசட் வந்தது, கதிரை போட்டது, பேச்சுக்குக் காத்திருந்தது, கசட்டைத் திருப்பிப் போட்டது, றீச்சரிடம் கொண்டு போனது, றோட்டில் நின்று கத்துகிறவன், விட்டுவிட்டுப் போனவள். மாமா சொல்லச் சொல்ல எனக்குத்தான் அவமானம். பிறகு மாமா றிசீவரைக் காதிலிருந்து தூரப் பிடித்தார். சிரிப்பு. பெட்டிக்கு வெளியே நின்ற கடைக்காரப் பொடியனுக்கும் கேட்டது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டா.

மாமாவின் முகம் கறுத்தது. பிறகு கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்கக் கேட்க முகம் இறங்கி வந்தது. இடையிடையே எங்களுக்கு மொழிபெயர்த்தார். ஒருத்தியும் இல்லையாம். அது பாட்டுக்காரனுடைய பிள்ளையாம், தனக்குப் பழக்கமில்லையாம். கசட் என்னிடம் மட்டும் கொடுக்கச் சொல்லி அனுப்பியதாம். வேலை முடிந்து என்ன செய்வீர்கள் என்று போன முறை நான் கேட்டிருக்கிறேன், இதைத்தான் கேட்பேன் என்று காட்ட அனுப்பியதாம். (கேட்டேனா? கேட்டேன். மறந்தே போனேன்.) கசட் என்றால் பேச்சு என்ற பழக்கமே தனக்கு மறந்து போய்விட்டதாம். மன்னிக்கச் சொல்லிக் கேட்டாராம்.

அதற்குப் பிறகு அவர் சொன்ன ஒன்றுதான் மாமாவை மடக்கியது. மாமா அதை வீட்டுக்கு வந்து மாமிக்கும், பக்கத்து வீட்டுக்கும், இன்று காலை கோயில் ஐயருக்கும் சொல்லிவிட்டாராம். நே. கேட்டிருக்கிறார்:

“மாமா, நீங்க மெய்யா ரெண்டு பக்கமும் இரிந்து கேட்டீங்களா? என்ட சொந்த அண்ணனே ஒரு பாட்டுக்கு மேல கேட்டதில்ல.”

மாமா நிமிர்ந்தார். அந்தப் பெட்டிக்குள் அதற்கு இடமில்லை, அம்மா கண்ணாடியோடு நசுங்கினா.

“கேட்டம் தம்பி. ஒருத்தரும் எழும்பல்ல.”

அதைச் சடங்கு முடித்த மாதிரிச் சொன்னார். லைன் அறுந்துவிட்டதென்று நினைத்து மாமா ஹலோ ஹலோ என்றார். பிறகு றிசீவரை என்னிடம் தந்துவிட்டு அம்மாவையும் இழுத்துக்கொண்டு வெளியே போனார். கதவைச் சாத்தவில்லை. மாமா மாமாதான்.

எடுத்தேன். என்னையும் இருத்தி வைத்தார்களா என்று நே. கேட்டார். ஓம் என்றேன். அப்படியானால் உங்களுக்குப் பிடித்ததா என்று கேட்டார்.

நல்லா இருந்தது என்ற சொல் வாய்வரைக்கும் வந்தது. ஜெஸீமாவின் மாமியாருடைய குழம்பும் ஞாபகம் வந்தது.

“பிடிக்கல்ல,” என்றேன்.

ஏன் என்றார். கோபமில்லாமல், உண்மையாகவே தெரிய வேண்டும் என்கிற மாதிரி. ஆகவே சொன்னேன். ஊரில் ஒன்றும் நடக்கவில்லை என்று ஒருத்தன் அழுகிறான், அவனுக்கு அறைய வேண்டும் போலிருந்தது என்றேன். அப்பா சந்தைக்குப் போன கதையையும் சொன்னேன். அவருக்கு ஏற்கனவே தெரிந்ததுதான், மாமா சொல்லியிருப்பார். நான் சொல்லி அவர் கேட்டது இதுதான் முதல் தரம். கதவு திறந்திருந்ததால் அம்மாவும் கேட்டா. நிற்பாட்ட முடியவில்லை. சொல்லி முடித்தபோது லைனில் இரைச்சல் மட்டும். எல்லாவற்றையும் நானே முறித்துவிட்டேன் என்று நினைத்தேன். மாமாவுக்கு வேலை மிச்சம்.

பிறகு மெதுவாகச் சொன்னார்.

“நான் அந்தப் பாட்டத்தான் கூடக் கேக்கிற. வேல முடிஞ்சு பஸ்ஸில வரக்குள்ள. எங்கயோ ஒரு ஊரில ஒரு பொடியனுக்கு இதுதான் கவல. விடிஞ்சிச்சு, பொழுது பட்டிச்சு, ஒண்டும் நடக்கல்ல. அப்பிடியும் ஒரு ஊர் இரிக்கு எண்டு கேக்கக்குள்ள எனக்கு நெஞ்சு ஆறும்.”

ஒரே பாட்டு, ஒரே வரி. எனக்கு அந்தப் பொடியன் கேட்டான், இவருக்கு அந்த ஊர் கேட்டது. இரண்டு பேருக்கும் காது பழுதில்லை. கேட்கிறவன் எதைப் பறிகொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறான் என்பதும் சேர்ந்துதான் பாட்டு போலிருக்கிறது. அவரும் அதே நாட்களைத் தாண்டித்தான் போயிருக்கிறார். அது ஏன் எனக்கு வியாழன் முழுக்கத் தோன்றவில்லை?

இந்த ஒரு கிழமையாக மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. கண் நிறைந்துவிட்டது. பெட்டிக்குள் வியர்வை என்று முகத்தைத் துடைத்தேன், சுபா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கேட்டார், இப்போது பிடிக்கிறதா என்று. யோசித்துப் பார்த்தேன். இல்லை என்றேன். பொடியன் இன்னும் மூக்கால்தான் பாடுகிறான் என்றேன். அந்தச் சிரிப்பு மறுபடியும், இந்தத் தரம் என் காதுக்குள்.

அப்படியானால் எங்கே வைத்துக் கேட்பது என்றார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் வந்து சேருவார், அதை இவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. வீடு என்னுடையது, உள்ளே கேட்க முடியாது, கிணற்றடியில் கேளுங்கள் என்றேன். கனடாவில் கிணற்றடி இல்லையே என்றார். அங்கே எடுக்கிற வீடும் என் பேரில்தான், அப்போது இடம் சொல்கிறேன் என்றேன். ஓம் என்றார், உடனே, பேரம் பேசாமல்.

வெளியே மாமா தொண்டையைச் செருமினார். முடிவு சொல்லும் நேரம் வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். கதவடிக்கு வந்து, தான் கதைக்க வேண்டும் என்று கையை நீட்டினார்.

“ஆவணிக்கு வாறதுக்கு டிக்கட் போடட்டா?” என்று கேட்டார் நே.

மாமாவின் கை நீட்டியபடி இருந்தது. நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

“போடுங்க,” என்றேன்.